மூன்றாவது கோப்பையும் நாலாவது ஆளும்

பச்சைக் கோப்பிக் கொட்டை சட்டியில் வெடிக்கும் சத்தத்தைக் கேட்டிருக்கிறீர்களா? கடுகு மாதிரி அவசரப்பட்டு வெடிக்காது. ஒன்று வெடிக்கும், கொஞ்சம் யோசிக்கும், பிறகு இன்னொன்று வெடிக்கும். நிறம் மட்டும் பச்சையிலிருந்து மஞ்சளாகி, மஞ்சளிலிருந்து பனங்கட்டி நிறமாகி, கண்ணுக்கு முன்னாலேயே மாறிக்கொண்டு போகும்.

அல்மாஸ் என்கிற எதியோப்பியப் பெண்மணி அந்தச் சட்டியை அடுப்பிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். புகையைக் கையால் அள்ளி முகத்தில் வாங்க வேண்டுமாம். நான் கோயிலில் கற்பூரத் தட்டைத் தொட்டு ஒற்றுகிற மாதிரி இரண்டு கையாலும் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அல்மாஸ் விழுந்து விழுந்து சிரித்தார்.

இங்கே கனடாவில், பார்க்டேல் பகுதியில் ஒரு கட்டடத்தின் ஐந்தாம் மாடி அது. புகை எச்சரிக்கை மணி அலறாமல் இருக்க யன்னலை அகலத் திறந்து விட்டிருந்ததால், கீழே தண்டவாளத்தில் ஓடும் ஸ்ட்ரீட்கார் வீட்டுக்குள்ளே ஓடுவதுபோல் கேட்டது. தரையில் பச்சைப் புல்லைப் பரப்பி, அதன்மேல் சின்னஞ்சிறு கோப்பைகளை அடுக்கி வைத்திருந்தார். இந்தக் குளிர் தொடங்கின காலத்தில் புல்லுக்கு எங்கே போனீர்கள், பார்க்கிலா பிடுங்கினீர்கள் என்று கேட்க என் வாய் உன்னியது. அன்றைக்கு நான் நல்ல பிள்ளையாக இருக்க வேண்டிய நாள். கேட்கவில்லை.

ஏனென்றால் அந்த வீட்டில் எனக்கு ஒரு வேலை காத்திருந்தது.

பிஸ்கட்டுக்குள்ளிருந்து வெளியே

போன கிழமை இந்தப் பத்தியில் நான் பிஸ்கட் ஃபக்டரியில் வேலை செய்த கதையை எழுதியிருந்தேன். அதை வாசித்துவிட்டு விட்பியிலிருந்து ஒரு அன்ரி போன் எடுத்தார். "பிள்ளை, பிஸ்கட் அடுக்கினது காணும். படிப்பிச்ச மனிசி எப்பிடி அதுக்குள்ளையிருந்து வெளியிலை வந்தனீர்? அதையெல்லோ எழுதவேணும்" என்றார். அன்ரி, இந்தக் கிழமை உங்களுக்காகத்தான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நாங்கள் மோர்னிங்சைட்டில் ஒரு இரண்டு அறை அப்பார்ட்மெண்டில் இருந்தோம். ஊரில் நான் புவியியல் ரீச்சர். இங்கே எந்த வேலைக்கு விண்ணப்பித்தாலும் ஒரே கேள்வி: கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ் இருக்கிறதா? இருந்தது. ஒரு பெட்டிக்குள் எத்தனை பிஸ்கட்டை உடையாமல் அடுக்கலாம் என்கிற எக்ஸ்பீரியன்ஸ்.

ஒருநாள் நூலகத்து அறிவித்தல் பலகையில் ஒரு துண்டைக் கண்டேன். நகரத்தின் மேற்குப் பக்கம், பழைய பள்ளிக்கூடக் கட்டடமொன்றில் ஒரு சின்ன அருங்காட்சியகம் இருந்தது. அங்கே எதியோப்பியாவைப் பற்றி ஒரு கண்காட்சி வருகிறது. மனிதர் தோன்றிய கதை, நிலம், மக்கள், எல்லாம். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுற்றிக் காட்டி விளக்க ஒரு ஆள் தேவை.

எதியோப்பியா! கிழக்காபிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கு! எத்தனை தரம் அதைக் கரும்பலகையில் கீறியிருப்பேன்!

மலை இல்லாத ஊரின் மலை ரீச்சர்

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். யாழ்ப்பாணத்தில் மலை இல்லை. வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடுகிற ஆறும் இல்லை. மழைக்கு மட்டும் ஓடுகிற வழுக்கையாற்றை வைத்துக்கொண்டு நான் நீல நைல் படிப்பித்தேன். சைக்கிள் மிதித்தால் மூச்சு வாங்காத தட்டை நிலத்தில் நின்றுகொண்டு, மேகத்துக்கு மேலே எழும்பி நிற்கிற சிமியன் மலைகளைப் படிப்பித்தேன்.

"ரீச்சர், நீங்கள் மலை பாத்திருக்கிறியளோ?" என்று ஒருத்தி வகுப்பில் எழும்பிக் கேட்டாள். "ஓம், கண்டிக்குப் போகேக்கை பாத்தனான்" என்றேன். "ஏறினனீங்களோ?" என்றாள். "பஸ் ஏறினது, நான் உள்ளுக்கை இருந்தனான்" என்றேன். வகுப்பே கொல்லென்று சிரித்தது.

டனாக்கில் என்கிற பள்ளம் கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கிறது. அங்கே அஃபார் மக்கள் உப்பைப் பலகை பலகையாக வெட்டி ஒட்டகத்தில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். அதைச் சொல்லும்போது மட்டும் பிள்ளைகள் தலையாட்டுவார்கள். ஆனையிறவு உப்பளத்தைக் கண்ட பிள்ளைகள் அல்லவா, உப்பென்றால் அவர்களுக்கு உடனே விளங்கும்.

ஹெலன் கேட்டதும் சொன்னதும்

அருங்காட்சியகத்துப் பொறுப்பாளர் ஹெலன் என்கிற கனேடியப் பெண்மணி. நேர்முகத்தில் "எதியோப்பியா பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டார். வாயால் சொல்லப் பொறுமை இல்லை. எழும்பிப்போய் அங்கிருந்த வெள்ளைப் பலகையில் ஆபிரிக்காவின் கொம்பைக் கீறினேன். பிளவுப் பள்ளத்தாக்கைக் கீறினேன். தானா ஏரியைப் போட்டு, அதிலிருந்து நீல நைலை இழுத்து, வட கிழக்கில் அஃபார் நிலத்தைக் காட்டி, "இங்கேதான் அவள் கிடந்தாள்" என்றேன்.

அவள் என்றால், மூன்று மில்லியன் வருஷத்துக்கும் முந்தின அந்தச் சின்ன எலும்புக்கூட்டுக்காரி. மூன்றரை அடி உயரந்தான். குரங்கு மாதிரித் தலை, ஆனால் எங்களைப்போல் இரண்டு காலில் நிமிர்ந்து நடந்தவள். அவளுடைய எலும்புகளின் வார்ப்பு கண்காட்சிக்கு வருகிறது என்றார் ஹெலன். மார்க்கர் என் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

ஹெலனுக்கு என்னைப் பிடித்துவிட்டது. ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. கண்காட்சிக்கான கூடைகள், சிலுவைகள், பானைகள், துணிகள் எல்லாவற்றையும் இங்குள்ள எதியோப்பியக் குடும்பங்களிடமிருந்து சேர்த்துக் கொடுத்தவர் அல்மாஸ். தங்கள் நாட்டைப் பற்றிப் பேசப்போகும் ஆளைத் தான்தான் பார்த்துச் சரி சொல்ல வேண்டும் என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். ஆகவே அல்மாஸ் "ஓம்" என்றால் வேலை, "இல்லை" என்றால் திரும்பவும் பிஸ்கட்.

அப்படித்தான் ஹெலனும் நானும் அந்தச் சனிக்கிழமை ஐந்தாம் மாடிக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே நாங்கள் பேசியதெல்லாம் ஆங்கிலம். ஆனால் என் மண்டைக்குள் எல்லாம் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் பதிந்து கிடக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

ஒன்று, இரண்டு

வறுத்த கொட்டையை உரலில் இடித்து, கழுத்து நீண்ட கறுப்பு மண்கூசாவில் கொதிக்க வைத்து, ஒரு முழம் உயரத்திலிருந்து ஒரு துளி சிந்தாமல் ஊற்றினார் அல்மாஸ். முதற் கோப்பை! அடேயப்பா, என் தலைமயிர் எழும்பி நின்றது. கொறிக்கச் சோளப்பொரி.

கதை தொடங்கியது. அல்மாஸ் ஒரு பேப்பரில் தன் எழுத்தை எழுதிக் காட்டினார். லெ, லு, லி, லா என்று ஒரே எழுத்துக்குச் சின்னச் சின்னக் காலும் கையும் முளைத்துக்கொண்டு போயிற்று. நான் துள்ளிவிட்டேன். "இது எங்கடை உயிர்மெய்யெல்லோ!" என்று பேனாவைப் பறித்து, க, கா, கி, கீ என்று எழுதிக் காட்டினேன். இருவரும் ஒருவர் எழுத்தை ஒருவர் எழுதிப் பழகினோம். ஹெலன் பாவம், இருவரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் கோப்பைக்கு அதே தூளில் திரும்பவும் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்தார். அப்போது நேரக் கணக்குக் கதை வந்தது. அவர்கள் ஊரில் நாள் தொடங்குவது விடியலில். எங்கள் காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. எங்கள் பழைய ஆட்களும் சூரிய உதயத்திலிருந்துதான் நாழிகை எண்ணினார்கள் என்றேன். பிறகு லாலிபெலா கோயில்கள். கல்லை அடுக்கிக் கட்டாமல், பாறையை மேலிருந்து கீழே குடைந்து செதுக்கிய கோயில்கள். கூரை நிலத்தின் மட்டத்தில் நிற்கும், வாசலுக்கு நாம்தான் கீழே இறங்க வேண்டும்.

"அந்த எலும்புக்காரிக்கு எங்கடை பேர் தெரியுமோ? டிங்கினேஷ். நீ அற்புதமானவள் எண்டு அர்த்தம்" என்றார் அல்மாஸ். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேலை என் மடியில் வந்து விழுந்த மாதிரித்தான். ஹெலன் எனக்குக் கண்ணைக்கூடக் காட்டினார்.

அப்போதுதான் அல்மாஸ் மூன்றாம் தரம் கூசாவைத் தூக்கினார்.

மூன்று

என் இனத்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஆனாலும் இங்கே பிறந்த பிள்ளைகள் வாசித்தால் தெரியட்டும். மூன்று எங்களுக்கு ஆகாது. மூன்று பேராக ஒரு காரியத்துக்குப் புறப்பட மாட்டோம். தட்டில் மூன்று வடை வைக்க மாட்டோம், ஒன்றைக் குறைப்போம் அல்லது ஒன்றைக் கூட்டுவோம். பூமியின் வயதை மில்லியன் கணக்கில் படிப்பித்தவள்தான் நான். ஆனால் மூன்று விஷயத்தில் முழு யாழ்ப்பாணத்தாள்.

சுற்றிப் பார்த்தேன். ஹெலன் ஒன்று, அல்மாஸ் இரண்டு, நான் மூன்று. மூன்று பெண்கள், மூன்றாம் கோப்பை, அதுவும் வேலை முடிவாகிற நாளில்!

இதற்கு எங்களிடம் ஒரு பரிகாரம் உண்டு. மூன்று பேராகப் போயே ஆக வேண்டுமென்றால் ஒரு கல்லைக் கையில் எடுத்துக்கொண்டு போவோம். கல் நாலாவது ஆள். ஆனால் ஐந்தாம் மாடியில் கல்லுக்கு நான் எங்கே போவேன்?

"ஐயோ, பஸ் போயிடும்! மோர்னிங்சைட் எவ்வளவு தூரம் தெரியுமோ" என்று சொல்லிக்கொண்டு எழும்பிவிட்டேன். அல்மாஸ் கூசாவைத் தூக்கிய கையோடு என்னைப் பார்த்தார். நான் ஏதோ பெரிய கண்டத்திலிருந்து தப்பினவள்போல, படியில் தடதடவென்று இறங்கினேன்.

போன் வந்தது

திங்கட்கிழமை ஹெலன் போன் எடுத்தார். குரலே சரியில்லை. "அல்மாஸ் வேண்டாம் என்கிறார். மூன்றாவது கோப்பைதான் ஆசீர்வாதமாம். நீங்கள் அதற்கு முன்னே எழும்பிப் போய்விட்டீர்களாம். கடைசிவரை இருக்காத ஆளிடம் நாட்டைக் கொடுக்க முடியாதாம்" என்றார்.

ஆசீர்வாதமா! எனக்குத் தலையில் ஒரு குடம் குளிர்தண்ணீர் ஊற்றின மாதிரி இருந்தது. எதற்குப் பயந்து ஓடினேனோ அதிலேயே போய் விழுந்திருக்கிறேன்.

என் மனிசன் சிவம் வேலையால் வந்தார்.

"என்ன, முகம் உப்பிடிக் கிடக்கு?"

"வேலை போட்டுது."

"எந்த வேலை? இன்னும் கிடைக்கவேயில்லையே."

"பகிடி விடாதேங்கோ. மூண்டாவது கோப்பியைக் குடிக்காமல் வந்திட்டன். அதுதான் அவையளின்ரை ஆசீர்வாதமாம். இப்ப அந்த மனிசி என்னை வேண்டாமெண்டு சொல்லிப்போட்டுது."

சிவம் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே நடந்ததை முழுக்கக் கேட்டார். பிறகு, "விசரே உமக்கு? ஒரு கல்லை ஹாண்ட்பாக்கிலை போட்டுக்கொண்டு போயிருக்கலாமெல்லோ" என்றார்.

அவர் பகிடியாகத்தான் சொன்னார். நான் துள்ளி எழும்பினேன். "இஞ்சேருங்கோ, சனிக்கிழமை காரை எடுங்கோ. பார்க்டேலுக்குப் போறம்."

"நானும் வந்தா அங்கையும் மூண்டு பேரல்லோ?"

"அதுக்குத்தான் கல்லு!"

கார் பார்க்கில் ஒரு தேடல்

சனிக்கிழமை காலை எங்கள் கட்டடத்துக் கார் பார்க்கில், பூப்பாத்தியின் ஓரத்தில் குந்தியிருந்து கல் தேடினேன். அது சின்ன வேலை இல்லை. யாழ்ப்பாணத்தில் எங்கே தோண்டினாலும் சுண்ணக்கல். இங்கே பாருங்கள், கருங்கல்லில் வெள்ளையும் ரோஸும் வரிவரியாக! வடக்கேயிருந்து பனியாறு உருட்டிக்கொண்டு வந்து போட்ட கல். நூறு கோடி வருஷத்துக்குக் குறையாது. இத்தனை காலம் இதன்மேல் கார் விட்டுக்கொண்டு இருந்திருக்கிறோமே என்று எனக்குப் பெரிய புளுகம், சந்தோஷம் தாங்கவில்லை.

"கல்லிலை என்ன வடிவு பாக்கிறீர்? கெதியா வாரும், சூப்பரிண்டன்ட் எங்களையே பாக்கிறான்" என்றார் சிவம்.

கோழிமுட்டையைவிடக் கொஞ்சம் பெரிய கல்லொன்றைத் துடைத்து ஹாண்ட்பாக்கில் போட்டேன்.

கதவுக்கு இந்தப் பக்கம்

அல்மாஸ் கதவைத் திறந்தார். சிரிக்கவில்லை. ஆனால் உள்ளே வாருங்கள் என்றார். வாசலில் வந்தவர்களைத் திருப்பி அனுப்புகிற வழக்கம் அவர்களிடமும் இல்லை.

நான் இருக்கவில்லை. நின்றபடியே கடகடவென்று கொட்டினேன். மூன்று எங்களுக்கு ஆகாது என்பதை, வடைத் தட்டை, நான் பயந்ததை, பஸ் என்று சொன்னது பச்சைப் பொய் என்பதை, எல்லாவற்றையும். கடைசியில் கல்லை எடுத்து அவருடைய கையில் வைத்தேன்.

அல்மாஸ் கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப கோப்பி பிடிக்காமல் போகேல்லையோ?"

"பிடிக்காமலோ! அண்டைக்கு ரா முழுக்க நித்திரை இல்லை!"

அவருக்கு உதட்டோரத்தில் சிரிப்பு வந்தது. ஆனால் உடனே முகம் மாறியது. கல்லைக் கையில் உருட்டிக்கொண்டே மெல்லச் சொன்னார். "இஞ்சத்தை ஆக்களுக்கு எங்கடை நாடெண்டா ரீவியிலை பாத்த பஞ்சம் மட்டுந்தான். எலும்பும் தோலுமாப் பிள்ளையளைக் கண்டவை, ஐயோ பாவமெண்டவை, எழும்பிப் போட்டினம். எங்கடை மலை, எங்கடை எழுத்து, எங்கடை கோயில் எண்டு கேக்க ஒருத்தரும் மூண்டாவது கோப்பை வரைக்கும் இருக்கேல்லை. நீரும் எழும்பினவுடனை எனக்குத் தாங்க முடியேல்லை."

நான் எந்த நாடு என்று கேட்கிறவர்களிடம் சொன்னவுடனே, "ஓ, அங்கே சண்டை அல்லவா?" என்பார்கள். அத்தோடு கதை முடிந்துவிடும். அதைச் சொன்னேன்.

"இருங்கோ" என்றார் அல்மாஸ். சட்டியை அடுப்பில் வைத்தார்.

திரும்பவும் பச்சைக் கொட்டை, திரும்பவும் புகை, திரும்பவும் யன்னல். சிவமும் புகையைக் கையால் அள்ளி முகத்தில் போட்டுக்கொண்டார். கல்லைக் கோப்பைகளுக்கு நடுவில், தட்டில் வைத்தோம். அதற்கும் ஒரு கோப்பை முன்னால் வைத்தார் அல்மாஸ்!

"இதுக்கு எத்தினை வயசு?" என்று கேட்டார்.

"டிங்கினேஷைவிடக் கனக்கக் கூட" என்றேன்.

"எங்கடை நிலத்திலைதான் மனிசர் செதுக்கின மிகப் பழைய கல்லாயுதங்களிலை சிலதும் கிடைச்சது தெரியுமோ? சனத்துக்கு முதல் துணை கல்லுத்தான். உங்கடை ஆக்கள் சொல்லுறதிலை பிழையில்லை."

மூன்றாவது கோப்பை வந்தது. உண்மையைச் சொல்லவா? தண்ணிக் கோப்பி. மூன்று தரம் அவிந்த தூளில் வேறென்ன இருக்கும்? ஆனால் அல்மாஸ் கண்ணை மூடித் தன் பாஷையில் எங்கள் இருவருக்கும் ஏதோ நீளமாகச் சொல்லி வாழ்த்தினார். நான் அதைக் கடைசித் துளிவரை குடித்தேன். சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

திங்கட்கிழமை ஹெலன் போன் எடுத்தார். நான் ரிசீவரை வைத்துவிட்டுச் சமையலறையில் ஆடிய ஆட்டத்தைக் கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டி நிறுத்தினார்.

திறப்பு நாள்

பனி கொட்டின ஒரு காலை. புது கோட், புது சப்பாத்து, கழுத்தில் என் பெயர் எழுதின அட்டை. பெயருக்குக் கீழே "வழிகாட்டி" என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. அதை நான் குனிந்து குனிந்து வாசித்துக்கொண்டே இருந்தேன்.

வெளியே மஞ்சள் பள்ளிக்கூட பஸ்கள் வந்து நின்றுவிட்டன. பிள்ளைகளின் சத்தம் கேட்டது. பிள்ளைகள் வருமுன் ஒருதரம் பார்த்துவிடுவோம் என்று ஹெலன் எங்களை மண்டபத்து வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் விளக்கு வெளிச்சத்தில் டிங்கினேஷின் சின்ன எலும்புகள் தெரிந்தன. அவளுக்குப் பின்னால் சுவர் முழுக்கச் சிமியன் மலை. நான் கண்ணால் காணாமலே படிப்பித்த மலை. எனக்குக் காலே நிலத்தில் இல்லை. கதவைத் தள்ளக் கை நீட்டினேன்.

"நில்லும்" என்றார் அல்மாஸ்.

திரும்பினேன். வெள்ளைப் பருத்திச் சால்வையைத் தோளில் சரிசெய்துகொண்டு, அவர் தன் ஹாண்ட்பாக்கைக் கிண்டிக்கொண்டிருந்தார். ஹெலன் மணிக்கூட்டைப் பார்த்தார். "என்ன தேடுறியள், பிள்ளையள் வந்திட்டினம்" என்றேன் நான், பொறுமையில்லாமல்.

"ஹெலன், நான், நீர்" என்று எண்ணினார் அல்மாஸ். "மூண்டு பேரெல்லோ! நீரே மறந்தா எப்பிடி?"

அம்மாவாணை, மறந்தேபோனேன். பிறந்த நாளிலிருந்து ஒருதரம் மறக்காத மூன்றை அன்றைக்கு மறந்தேன்.

அவருடைய கையில் எங்கள் மோர்னிங்சைட் கார் பார்க் கல் இருந்தது. அன்றைக்கு அவருடைய வீட்டுத் தட்டிலேயே விட்டுவிட்டு வந்த கல். அதை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார்.

"இப்ப சரி. வாரும்" என்றார்.

நாங்கள் நாலு பேரும் உள்ளே போனோம்.